லியரின் கடைசி நான்கு வரி யாருடையது?

மே 4 (கேள்வி)

மகள் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். அவளுடைய புத்தகத்தில் ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் நாடகத்தின் கடைசி நான்கு வரியையும் குளொஸ்ரர் பிரபுவின் மகன் எட்கர் சொல்கிறான். மருதானைப் பழைய புத்தகக்கடையில் நான் எப்போதோ வாங்கிய புத்தகத்தில் அதே வரிகளை லியரின் மருமகன் அல்பனி சொல்கிறான். இரண்டில் ஒன்று அச்சுப்பிழைதானே? எதைத் திருத்துவது?

மே 4, இரவு

இரண்டையும் திருத்த வேண்டாம். பேனையை மூடி வையுங்கள்.

இந்த நாடகம் பழைய அச்சில் இரண்டு உருவத்தில் கிடைக்கிறது. 1608இல் தனிப் புத்தகமாக வந்தது ஒன்று. தாளை இரண்டு தரம் மடித்துக் கட்டிய சிறிய புத்தகம், குவார்ட்டோ என்பார்கள். மற்றது 1623இல் வந்தது. ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு வருடம் கழித்து, அவரோடு நடித்த ஹெமிஞ்சஸ், கொண்டெல் என்ற இருவர் சேர்த்துப் போட்ட பெரிய தொகுப்பு அது. பெயர் ஃபோலியோ. கடைசிப் பேச்சு 1608இல் அல்பனிக்கு, 1623இல் எட்கருக்கு. உங்கள் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது. உயிரோடு மிஞ்சுகிறவர்களில் பதவியால் பெரியவன் அல்பனி. அந்தக் காலத்து அவல நாடகங்களை முடித்துவைப்பது பெரும்பாலும் பெரிய பதவிக்காரன்தான். ஹாம்லெற்றில் ஃபோர்ட்டின்பிராஸ், மக்பெத்தில் மல்கம். ஆனால் அந்தப் பேச்சில் "இளையவர்களாகிய நாம்" என்று ஒரு இடம் வருகிறது. அது எட்கர் வாயில் தானாகப் பொருந்தும். அதற்குச் சற்று முன்னர்தான் அல்பனி, லியரின் விசுவாசியான கென்றையும் எட்கரையும் பார்த்து நாட்டை நீங்கள் ஆளுங்கள் என்கிறான். கென்ற் மறுத்துவிடுகிறான். எட்கர் பேசினால் அது ஒரு பதில். பேசாமல் நின்றால்? நாடு யாருக்கு என்று தெரியாமலே நாடகம் முடிகிறது. எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் கூடுதலாகப் பிடிக்கும். மகளிடம் இதைச் சொல்லிப் புள்ளி குறைந்தால் நான் பொறுப்பில்லை.

மே 5

இன்னொன்று விட்டுப்போயிற்று. 1608 புத்தகத்தின் முகப்பு இதை லியர் அரசனின் "உண்மை வரலாறு" என்கிறது. 1623இல்தான் "அவலம்" ஆகிறது. தலைப்பிலேயே சண்டை தொடங்கிவிட்டது.

மே 6

மேலே ஒருவர் "ஷேக்ஸ்பியரின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தால் முடிந்தது" என்று எழுதியிருக்கிறார். பார்க்கலாம், இருந்தால். லியருக்கு அப்படி ஒரு தாள்கூட மிஞ்சவில்லை. இருப்பது அச்சு மட்டுமே. அந்த அச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அந்தத் தொழிலில் இருந்தவன்.

கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஈய எழுத்துக் காலத்தின் கடைசியில் புரூவ் பார்த்தேன், அதாவது அச்சுப்பிழை திருத்தினேன். யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் போகிற பிரதிகள் இரவு ரயிலுக்காக முன்னதாகவே அடிக்கப்படும். அவை கட்டாகி வெளியே போன பிறகுதான் யாராவது ஒரு பிழையைக் கண்டுபிடிப்பார்கள். அச்சை நிறுத்தி, எழுத்தைப் பிடுங்கி மாற்றி, மறுபடி ஓட்டுவோம். விடிந்தால் யாழ்ப்பாணத்தார் வாசிப்பது ஒன்று, வெள்ளவத்தையார் வாசிப்பது இன்னொன்று. ஒரு தரம் இறந்தவரும் இரங்கல் தெரிவித்தவரும் இடம் மாறிய பிரதி வடக்கே போய்விட்டது. அதை இங்கே விரிக்க விரும்பவில்லை.

லண்டனில் 1608இல் லியரை அடித்த நிக்கலஸ் ஓக்ஸ் செய்ததும் இதுதான். சிறிய அச்சகம். நாடகம் அச்சடிப்பது அவருக்கு அதுவே முதல் தடவை. செய்யுள் வசனமாகவும் வசனம் செய்யுளாகவும் மாறிக் கிடக்கின்றன. அச்சு ஓட ஓடத் திருத்தினார்கள். தாள் விலை கூடியது என்பதால் திருத்துமுன் அடித்த தாளையும் வீசவில்லை. எல்லாவற்றையும் கலந்து கட்டினார்கள். இன்று அந்தப் பதிப்பில் 12 பிரதி மிஞ்சியிருக்கிறது. திருத்திய தாளும் திருத்தாத தாளும் அவற்றில் மாறி மாறி வருகின்றன. ஆக "1608 பாடம்" என்று ஒன்றைச் சுட்டுவதற்கே எந்தப் பிரதி, எந்தத் தாள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. 1982இல் பீற்றர் பிளெய்னி என்ற ஆய்வாளர் இந்த ஒரு அச்சகத்தின் வேலை முறையைப் பற்றி மட்டும் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். புரூவ் பார்த்தவனுக்கு அது துப்பறியும் கதை மாதிரி.

ஒரு இடத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். கண் பிடுங்கப்பட்ட குளொஸ்ரரை ஒரு கிழவன் நடத்திக்கொண்டு வருகிறான். பைத்தியக்காரன் வேடத்தில் நிற்கும் எட்கர் அப்பாவைப் பார்க்கிறான். திருத்தாத தாளில் அவன் சொல்வது "பூவர்லி லெட்". ஏழை ஒருவன் கைபிடித்து நடத்த வருகிறாரே என்று கொள்ளலாம். திருத்திய தாளில் அதே இடத்தில் "பார்ட்டி ஐட்". கண் பல நிறமாய்க் கிடக்கிறதே என்பது போல. இரத்தமும் வெள்ளையும் கலந்த கண். அச்சகத்தில் யாரோ ஒருவர் இந்த இடத்தில் ஓட்டத்தை நிறுத்தி, கையெழுத்தைத் திரும்பப் பார்த்து மாற்றியிருக்கிறார். சும்மா மாற்றுகிறவன் இப்படி விசித்திரமான சொல்லைப் போடமாட்டான். விளங்காததை விளங்குகிறதாகத்தான் மாற்றுவான். அதனால் விசித்திரமான பாடமே மூலத்துக்குக் கிட்ட என்று ஒரு கட்சி. ஆனால் 1623 மறுபடியும் "பூவர்லி லெட்" என்கிறது. அதைக் கோத்தவர்கள் பார்த்த 1608 பிரதியில் அந்தத் தாள் திருத்தாத தாளாக இருந்திருக்கலாம் அல்லவா என்று முதல் கட்சி பதில் சொல்லும்.

எனக்கு அந்த நிறம் கலந்த கண் வேண்டும். காரணம் புலமை இல்லை. அதற்கு முந்திய காட்சியில்தான் கண்ணைப் பிடுங்குகிறார்கள். மகன் முதலில் பார்ப்பது முகத்தையாகத்தான் இருக்கும், கையைப் பிடித்திருப்பது யார் என்பதை இல்லை.

மே 7

"இதெல்லாம் வெள்ளைக்காரருக்கு வேலையில்லாத வேலை" என்றவருக்கு.

அண்ணை, சிறுப்பிட்டிக்காரர் சி. வை. தாமோதரம்பிள்ளை பிறகு என்ன செய்தார்? கலித்தொகையை 1887இல் அவர் அச்சேற்றியபோது, ஏட்டைத் தொட்டால் ஓரம் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது என்று பதிப்புரையில் புலம்பியிருக்கிறார். அதே வருடம் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவருடைய பதிப்புகளில் பக்கத்தின் அடியில் பிரதிபேதம் (ஏட்டுக்கு ஏடு மாறும் சொற்கள்) என்று பொடி எழுத்தில் வருவதைப் பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் தாண்டிப் போயிருக்கிறோம். அந்தப் பொடி எழுத்துத்தான் இந்த இழையின் பேச்சு முழுவதும்.

ஏட்டுக்கும் அச்சுக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஏட்டில் ஒவ்வொரு பிரதியும் ஒருவன் கைவேலை, மாறும் என்று எல்லோருக்கும் தெரியும். அச்சு மாறாது என்று நம்புகிறோம்.

மே 10

ஞாயிறு பின்னேரம் வெள்ளவத்தையில் ஒரு நண்பர் வீட்டில் கூடினோம். லியரைத் தமிழில் வாசிப்பு அரங்காகச் செய்யும் யோசனை. கடைசிக் காட்சியை மட்டும் இரண்டு பாடத்திலும் வாசித்துப் பார்த்தோம். கீழே காலி வீதி இரைச்சல். லியராக வாசித்தவர் ஓய்வுபெற்ற வங்கிக்காரர், நல்ல குரல்.

1608இல் லியர் தன் மகள் கொர்டீலியாவின் உடலோடு வருகிறார். நீ இனி வரமாட்டாய் என்கிறார். "ஒருக்காலும்" என்று மூன்று தரம். இந்தப் பொத்தானைக் கழற்றிவிடுங்கள், நன்றி ஐயா என்கிறார். பிறகு ஓ, ஓ, ஓ, ஓ. பிறகு "உடைந்து போ நெஞ்சே, கெஞ்சிக் கேட்கிறேன், உடைந்து போ". முடிந்தது.

1623இல் அந்த "ஒருக்காலும்" ஐந்து தரம். பொத்தான் அப்படியே இருக்கிறது. நாலு ஓவும் இல்லை. அந்த இடத்தில்: "இதைப் பார்க்கிறீர்களா? இவளைப் பாருங்கள், உதட்டைப் பாருங்கள், அங்கே பாருங்கள், அங்கே பாருங்கள்." செத்துவிடுகிறார். "உடைந்து போ நெஞ்சே" என்ற வரி கென்றின் வாய்க்குப் போய்விடுகிறது.

என்ன வித்தியாசம் என்றால், முதலாவதில் லியருக்கு எல்லாம் தெரியும். மகள் செத்துவிட்டாள், தானும் சாக வேண்டும் என்று தானே நெஞ்சைக் கேட்கிறார். இரண்டாவதில் அவர் எதையோ பார்க்கிறார். உதடு அசைகிறதா? உயிர் இருக்கிறது என்று நினைத்துச் சந்தோசத்தில் செத்தாரா? விமர்சகர் பிரட்லி 1904இல் அப்படித்தான் எழுதினார், ஒரு தலைமுறையே அவரை நம்பியது. ஆனால் அந்த வாதம் நிற்பது 1623இல் மட்டும் இருக்கிற அந்த இரண்டு வரியில். 1608 புத்தகம் மட்டும் மிஞ்சியிருந்தால் அப்படி ஒரு விளக்கமே பிறந்திராது. கென்றின் வரியும் அப்படித்தான். 1623இல் அவன் யாருடைய நெஞ்சை உடையச் சொல்கிறான், தன்னுடையதையா அரசனுடையதையா? 1608இல் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

வங்கிக்காரருக்கு அந்த நாலு ஓ கைக்கு அகப்படவில்லை. முதல் தரம் எழுத்தில் உள்ளபடி வாசித்தார், இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பிறகு, "இது சொல் இல்லை, நடிகனுக்கு விட்ட இடம்" என்றார். சரியாகச் சொன்னார். ஓ என்று அச்சில் இருந்தால் அந்த இடத்தில் மூச்சோ அழுகையோ என்னவோ, நடிகன் பார்த்துக்கொள்வான் என்று பதிப்பாசிரியர்கள் சிலரும் சொல்கிறார்கள். அடுத்த தரம் ஓ போடாமல் செய்தார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

மே 10, பிந்தி

ஐந்து "ஒருக்காலும்" தமிழில் கூடிப்போகிறது என்று ஒருவர். கூடத்தான் வேண்டும்.

மே 13

அப்படியானால் கடையில் கிடைக்கிற புத்தகத்தில் எந்தப் பாடம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பழைய புத்தகங்களில் பெரும்பாலும் கலவை. 18ஆம் நூற்றாண்டில் போப், தியோபால்ட் என்ற பதிப்பாசிரியர்கள் காலத்திலிருந்தே இதிலிருந்து கொஞ்சம் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒன்றாக்கினார்கள். 1608இல் உள்ள ஏறத்தாழ 300 வரி 1623இல் இல்லை. 1623இல் உள்ள ஏறத்தாழ 100 வரி 1608இல் இல்லை. எதையும் இழக்க மனமில்லை, எல்லாவற்றையும் சேர்த்தார்கள். ஷேக்ஸ்பியர் ஒரே நாடகம்தான் எழுதினார், இரண்டு அச்சும் அதைச் சிதைத்த இரண்டு நிழல்கள் என்பது நம்பிக்கை.

1970களின் பின்பாதியில் மைக்கல் வொரன் என்ற ஆய்வாளர் அல்பனியையும் எட்கரையும் வைத்தே அந்த நம்பிக்கையை ஆட்டினார். மாற்றங்கள் கடைசிப் பேச்சில் மட்டும் இல்லை, இந்த இருவருடைய குணமும் நாடகம் முழுக்க இரண்டு விதமாக வருகிறது, எனவே திருத்தி எழுதியிருக்கிறார்கள், சிதைக்கவில்லை என்றார். 1986இல் ஒக்ஸ்ஃபோர்ட் பதிப்பு துணிந்து இரண்டு லியரையும் தனித்தனி நாடகமாகவே அச்சிட்டது. 1997இல் ஃபோக்ஸ் செய்த ஆர்டன் பதிப்பு மறுபடி கலவைதான், ஆனால் ஒன்றில் மட்டும் உள்ள பகுதிகளைச் சுற்றிக் குட்டி எழுத்தில் அடையாளம் போட்டுவிட்டது.

2016இல் பிறயன் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர் மறுபடி "ஒரே லியர்" என்று புத்தகம் போட்டார். ஓக்ஸுக்குத் தாள் கணக்குத் தப்பிவிட்டது, இடம் போதாமல் வரிகளைக் கழித்தார் என்பது அவர் வாதத்தில் பெரிய பங்கு. கடுமையான மறுப்புகள் வந்தன. இடம் போதாத கதை எனக்குத் தெரியும். தலையங்கத்தின் வாலை வெட்டியிருக்கிறோம், சொல்லுக்கு நடுவே இடைவெளியை நெருக்கியிருக்கிறோம். ஆனால் பேசுகிறவரின் பெயரை எட்கரிலிருந்து அல்பனி என்று மாற்றினால் எத்தனை தாள் மிச்சமாகும்?

என் கட்சி: கலக்காதீர்கள். கலவை லியர் ஷேக்ஸ்பியர் காலத்து மேடையில் ஆடப்பட்டதற்குச் சான்றே இல்லாத நாடகம். கலவையில் லியர் "நான் யார் என்று சொல்லக்கூடியவர் யார்?" என்று கேட்கும் இடத்தையே எடுங்கள். 1623இல் கோமாளி "லியரின் நிழல்" என்று பதில் சொல்கிறான், அந்தச் சொல்லே அடியாக விழுகிறது. 1608இல் லியரே "லியரின் நிழலா?" என்று தன்னைக் கேட்கிறார். ஒரு வரிக்கு ஒரு வாய்தான். கலவைப் பதிப்பும் இங்கே ஒன்றைக் கைவிட்டே ஆக வேண்டும். எல்லாம் கிடைக்கும் என்ற வாக்குறுதி முதல் அங்கத்திலேயே பொய்யாகிவிடுகிறது.

மே 15

கிழக்கிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டது நல்ல கேள்வி. "நடிகர்கள் மாற்றியிருந்தால் அது ஷேக்ஸ்பியரா?"

என் பெரியப்பா மட்டக்களப்பில் கூத்தாடியவர். அவரிடம் ஒரு கூத்துக் கொப்பி இருந்தது. கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பி, அட்டை கழன்று துணி ஒட்டியது. மேலே நீல மை, இடையிடையே பென்சில், சில விருத்தம் குறுக்கே வெட்டிப் பக்கத்தில் வேறு கையெழுத்தில் புதிதாக. யார் எழுதியது என்று கேட்டால் "அண்ணாவியார்" என்பார், கூத்துப் பழக்குகிற ஆசான். எந்த அண்ணாவியார் என்றால் சிரிப்பார். களரியில், கூத்தாடுகிற களத்தில், ஏட்டண்ணாவியார் கையில் ஏட்டோடு பின்பாட்டுக்கு நிற்பார். ஆடுகிறவன் அடியை மாற்றிப் பாடினால் சில இடத்தில் திருத்துவார், சில இடத்தில் விட்டுவிட்டு அடுத்த வருடம் அதையே ஏட்டில் எழுதிக்கொள்வார். சபைக்குப் பிடித்திருந்தால் அது பாடம்.

பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் கர்ணன் போரை மேடையேற்றியபோது விடிய விடிய ஆடுகிற கூத்தை நகர மேடைக்குச் சுருக்கினார். அது கர்ணன் போர் இல்லை என்று சொல்ல முடியுமா? ஊரில் சிலர் சொன்னார்கள், சொல்ல உரிமை உள்ளவர்கள். ஆனால் சுருக்கியது யார், எங்கே, எதற்காக என்று எல்லோருக்கும் தெரியும். லியரில் இல்லாதது அதுதான். 1623இல் 300 வரியை எடுத்தது எழுதியவரா, குழுவா, இருவருமா? ஷேக்ஸ்பியர் அந்தக் குழுவில் பங்குதாரர், நடிகர். அவரைத் தனியே பிரித்துச் சுத்தப்படுத்துவதில் என்ன அர்த்தம் என்று இப்போது தோன்றுகிறது. போன கிழமை இப்படி எழுதியிருக்கமாட்டேன்.

மே 19

சோகம் தாங்காது, சுபமாக முடிக்கலாமே என்பவருக்கு: முடித்தார்கள். நேஹம் டேற் 1681இல் லியரைத் திருத்தி எழுதினார். லியர் பிழைக்கிறார், அரசு திரும்பக் கிடைக்கிறது, கொர்டீலியாவுக்கும் எட்கருக்கும் கல்யாணம், கோமாளியே கிடையாது. 1838இல் நடிகர் மக்றெடி பழைய நாடகத்தை மீட்டு ஆடும்வரை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக, ஆங்கில மேடையில் இதன் ஆட்சிதான். ஷேக்ஸ்பியரைப் பதிப்பித்த சாமுவேல் ஜோன்சன் மூல முடிவு தந்த அதிர்ச்சியில், பதிப்பிக்க நேர்ந்தபோதுதான் அதை மறுபடி வாசித்தாராம். பதிப்பாசிரியர் வேலை அவ்வளவு கொடுமையானது.

மே 22

வாசிப்பு அரங்குக்குப் பாடம் தேர்ந்தாயிற்று. 1623. வேகமாகப் போகிறது, லியரின் சாவு எனக்கு அதில்தான் வேண்டும், அங்கே பாருங்கள் என்று வங்கிக்காரர் சொல்லும்போது அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள்மார் மீது லியர் பைத்தியத்தில் நடத்தும் விசாரணை 1608இல் மட்டும் உண்டு. போகட்டும், எங்களிடம் அதற்கு ஆளும் இல்லை.

ஆனால் ஒரு இடத்தில் கை நடுங்குகிறது. குளொஸ்ரரின் கண்ணைப் பிடுங்கியதும் 1608இல் இரண்டு வேலைக்காரர் பின்தங்கி நிற்கிறார்கள். கண்ணைப் பிடுங்கிய இவன் நல்லாயிருந்தால் நான் எந்தப் பாவத்துக்கும் அஞ்சமாட்டேன் என்கிறான் ஒருவன். மற்றவன், இரத்தம் வழிகிற முகத்துக்குப் போடச் சணல் நாரும் முட்டை வெள்ளைக்கருவும் எடுத்துவருகிறேன் என்கிறான். மொத்தம் பத்து வரி வராது. 1623இல் இது இல்லை. 1962இல் இயக்குநர் பீற்றர் புறூக்கும் மேடையில் இதை வெட்டினார், ஆறுதல் வேண்டாம் என்று. கொடூரம் முடிந்த கையோடு குளொஸ்ரரை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டுக் காட்சி முடிகிறது. வலுவான முடிவுதான்.

எனக்கு அந்த வெள்ளைக்கரு வேண்டும். பேரில்லாத இரண்டு பேர், அரசியலும் இல்லை, தத்துவமும் இல்லை, புண்ணுக்கு மருந்து. கலக்காதீர்கள் என்று மே 13இல் எழுதியதைப் படித்துப் பார்த்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். ஃபோக்ஸ் ஏன் குட்டி எழுத்து அடையாளத்தோடு நிறுத்திக்கொண்டார் என்பது விளங்குகிறது. எங்கள் கொப்பியில் அந்தப் பகுதியைச் சதுர அடைப்புக்குள் போட்டு, ஓரத்தில் 1608 என்று எழுதியிருக்கிறேன். வாசிப்பு தொடங்குமுன் சபைக்கும் சொல்லிவிடுவோம்.

மே 22, இரவு

முட்டை யார் கொண்டுவருவது என்று கேட்டவருக்கு: வாசிப்பு அரங்கு ஐயா. உடைக்கமாட்டோம்.